தர்ஜமா என்று என்னை அழைத்தவர்

காலை 9.40. கிள்ளான் நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி நடைபாதையில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சட்டை. வெளிர்நீலம், முழுக்கை. கடையின் உறையிலிருந்து எடுத்து அப்படியே போட்டிருந்தார் போலும், மடிப்புக் கோடுகள் மார்பில் குறுக்கும் நெடுக்கும் ஓடின. காலருக்குக் கீழே ஒரு குண்டூசி இன்னும் இருந்தது. சட்டைக்குள் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் கறுப்புக் கோட்டைக் கண்டதும் நின்றார்.

"அண்ணே, இங்க தர்ஜமா யாரு?"

"மொழிபெயர்ப்பாளரைக் கேக்குறீங்களா? நான்தான்."

"நீங்கதானா. நான் தமிழ்ல சொல்றத நீங்கதான் அவங்களுக்கு எடுத்துச் சொல்லுவீங்கன்னாங்க. கொஞ்சம் நல்லாச் சொல்லுங்க தர்ஜமா அண்ணே."

குண்டூசியைக் காட்டினேன். எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைக் கையின் மடிப்பில் குத்திக்கொண்டார்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். சட்டப் பிரிவுகளின் மலாய்ப் பெயர்களை நீங்கள் ஆறு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடுவீர்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் ஆறு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். கூண்டுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றிருக்கிறேன். மலாயில் நம்மை ஜூருபஹாசா என்பார்கள். ஜூரு என்றால் கைதேர்ந்தவர், பஹாசா நம்முடைய பாஷைதான். தமிழ்ச் சாட்சிகள் என்னை 'சார்' என்றார்கள், 'அங்கிள்' என்றார்கள், பயத்தில் 'ஐயா நீதிபதி' என்றும் சொல்லியிருக்கிறார்கள். தர்ஜமா என்று அதற்கு முன் யாரும் அழைத்ததில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். சட்டைக்காரரை சாகுல் என்று வைத்துக்கொள்வோம். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்து கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். குற்றவாளிக் கூண்டில் இருந்தவன் அதே கிடங்கில் வேலை பார்த்த கிள்ளான் பையன், இருபத்து மூன்று வயது, தினேஷ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலை கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் ஒரு பங்களாதேஷ் தொழிலாளியைப் பின்னாலிருந்து இடித்து இரண்டு காலையும் நசுக்கிவிட்டது. கேமரா அந்த மூலையைப் பார்க்கவில்லை. அடிபட்டவருக்கு யார் ஓட்டியது என்று தெரியாது. உரிமம் இல்லாத தினேஷ்தான் விளையாட்டாக எடுத்து ஓட்டினான் என்பது கிடங்கின் மேற்பார்வையாளர் முதல் விசாரணையிலேயே கூண்டேறிச் சொன்னது. 'நான் தொடவே இல்லை, மேற்பார்வையாளர்தான் ஓட்டினார்' என்பது தினேஷ் சொன்னது. நிரூபணமானால் அவன் சிறைக்குப் போவான். மேற்பார்வையாளரைத் தவிர, நேரில் பார்த்ததாகச் சொல்ல அரசுத் தரப்புக்கு இரண்டு பேர் இருந்தார்கள். முதலாமவர் முந்தின விசாரணையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும் வெளிர்நீலச் சட்டைதான் போட்டிருந்தார், அதே மடிப்புக் கோடுகளோடு. நிருபராக இருந்தால் அதைக் குறித்துக்கொண்டிருப்பேன். மொழிபெயர்ப்பாளர் சட்டையை மொழிபெயர்க்க முடியாது.

இரண்டாமவர் சாகுல்.

அவர் கூண்டேறியது பன்னிரண்டு மணிக்கு மேல். ஊர், பெயர், வேலை, அன்று எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்கக் கேட்க, சாகுல் சொன்னதை நான் மலாயில் சொல்லிக்கொண்டு வந்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். 'அவர் வந்தாராம்' என்று சொல்லக்கூடாது. 'நான் வந்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கூண்டில் இருப்பவரின் 'நான்' நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

12.50க்கு அந்தக் கேள்வி வந்தது. ஃபோர்க்லிஃப்டை ஓட்டியது யார்?

"தினேஷ்தான் ஓட்டுனான்."

சொன்னேன். மாஜிஸ்திரேட், முப்பது வயதுகூட இருக்காத ஒரு மலாய்ப் பெண், தலைகுனிந்து எழுதினார். அப்போது சாகுல் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி என் பக்கம் சாய்ந்தார். சட்டைக் கையில் இருந்த குண்டூசியைத் திருகிக்கொண்டே, உதடு அசைவது தெரியாமல் சொன்னார்.

"நான் பாக்கல தர்ஜமா அண்ணே. அப்படிச் சொல்லச் சொன்னாங்க. இத அவங்ககிட்ட சொல்லிராதீங்க."

எனக்கு நான்கு வினாடி இருந்தது. அந்த நான்கு வினாடியைப் பிறகு பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார், கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டரைக்குத் தொடரலாம் என்றார், எழுந்தார். எல்லோரும் எழுந்தோம்.

சட்டப்படி இதில் குழப்பம் எதுவும் இல்லை. சாட்சிக் கூண்டில் பேசப்படும் எல்லாம் நீதிமன்றத்துக்கு உரியது. சாட்சி தும்மினால் தும்மலை விட்டுவிடலாம், பேசினால் பேச்சைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் நான் எடுத்த உறுதிமொழி அதுதான். ஆனால் அந்த மனிதர் நீதிமன்றத்தோடு பேசவில்லை, என்னோடு பேசினார். அந்த அறையில் தன் பாஷை தெரிந்து தனக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் என்று நம்பிப் பேசினார். நான் செய்த தவறு நம் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தவறு. என் காதில் விழுந்தது எனக்குச் சொல்லப்பட்டது என்று நினைத்துவிட்டேன்.

கீழே கேன்டீனில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழக்கமாக ஒரு மேசை உண்டு. நோர்மா இருந்தார், மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நிற்பவர். லிம் இருந்தார், ஹொக்கியன், கான்டனீஸ், மாண்டரின். வழக்கைப் பற்றி அவர்களிடம் பேசக்கூடாது. சாட்சியம் முடியாத சாட்சியோடு பேசவே கூடாது. மூன்று மேசை தள்ளி சாகுல் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த சோற்றில் கை வைக்கவில்லை. மேற்பார்வையாளர் அவருக்குக் குளிர்பானம் வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

எதையாவது பேச வேண்டும் என்பதற்காக நோர்மாவிடம் கேட்டேன். நாங்கள் பேசியது மலாய்; 'லா' என்ற மலாய் அசையை மட்டும் அப்படியே விட்டுத் தமிழில் தருகிறேன்.

"தர்ஜமான்னு ஒரு சொல். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"தெர்ஜெமா லா! தினமும் அதைத்தானே பண்றோம். மொழிபெயர்ப்புக்கு மலாய்ல வேற என்ன சொல்லு இருக்கு? அரபிலருந்து வந்தது."

தினமும் படிவங்களில் பார்த்த சொல். அது சாகுலின் வாயிலிருந்து தமிழாக வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மதரஸாவில் அரபு வரியைப் படித்து அதற்குத் தமிழில் பொருள் சொல்வதை அவர் ஊரில் தர்ஜமா என்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நோர்மா தொலைபேசியில் தேட ஆரம்பித்திருந்தார். "துருக்கியில தெர்ஜுமான். இந்தியிலயும் உருதுலயும் தர்ஜுமா. இங்கிலீஷ்ல டிராகோமன்னு ஒரு பழைய சொல் இருக்காம், அதுவும் இதுதான். இத்தாலி வழியாப் போயிருக்கு."

"ஹொக்கியன்ல?" என்றார் லிம்.

"இல்ல."

"பாத்தியா, எங்களை மட்டும் விட்டுட்டாங்க."

"இருங்க லா." நோர்மா திரையை மேலே தள்ளினார். பிறகு சத்தம் குறைந்த குரலில், "அரபுக்கு முன்னால அரமேயம். அதுக்கும் முன்னால அக்காடியம், இராக்கோட ரொம்பப் பழைய பாஷை. தர்குமன்னு. களிமண் பலகையில எழுதியிருக்காம். நாலாயிரம் வருஷம்."

தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். ஒரு களிமண் பலகையின் படம். உள்ளங்கை அளவு, சோப்புக் கட்டி போல விளிம்பு தேய்ந்தது, மேலெல்லாம் ஆப்பு ஆப்பாகக் கீறல். வணிகர்கள் எழுதிய கடிதங்களாம். இராக்கிலிருந்து கழுதைகளில் துணியும் தகரமும் ஏற்றிக்கொண்டு இன்றைய துருக்கிக்குப் போனவர்கள், அங்கே பாஷை தெரியாமல் நின்றபோது நடுவில் ஒருவர் நின்றிருக்கிறார். அவருடைய வேலையின் பெயர்தான் அந்தச் சொல்.

நான் எளிதில் மலைப்பவன் அல்ல. செய்தி எழுதிய பழக்கம் அது. ஆனால் கேன்டீன் இரைச்சலில், சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் களிமண் ஈரமாக இருந்தபோது இருந்த பேரரசுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. அந்தப் பாஷையைப் பேசுகிறவர்கள் இல்லை. நடுவில் நிற்பவனுக்கு வைத்த பெயர் மட்டும் வாய்க்கு வாய் கைமாறி, அன்று காலை 9.40க்கு, கிள்ளானில், இராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் வாயில் இருந்தது. அதோடு 'அண்ணே' சேர்ந்திருந்தது.

லிம் நூடல்ஸை முடித்துக்கொண்டிருந்தார். "நாலாயிரம் வருஷமா திட்டு வாங்குற வேலை," என்றார். "போன வாரம் ஒரு கிழவர் கூண்டுல நின்னு என்னைக் காட்டி, 'இந்த மடையனுக்கு என் பாஷையே வரல'ன்னார். நான் அப்படியே எழுந்து நின்னு மாஜிஸ்திரேட்கிட்ட சொன்னேன், 'இந்த மடையனுக்கு என் பாஷையே வரல.' கோர்ட்டே சிரிச்சுது."

"அதை விட்டுட்டுப் போயிருக்கலாமே," என்றார் நோர்மா.

"விட முடியுமா? அப்புறம் எதை விடலாம், எதை விடக்கூடாதுன்னு நான் முடிவு பண்ண ஆரம்பிச்சிடுவேன்."

"எப்பவாவது விட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

லிம் குச்சிகளைக் கீழே வைத்தார். "ஒரு தடவை."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. யாருக்கும் தெரியாது." குச்சிகளை மறுபடி எடுத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்," என்றார்.

கை கழுவப் போன இடத்தில் தினேஷின் அம்மா நின்றிருந்தார். நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில், வழக்குத் தாள்கள் வைத்த பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருந்தவர். பள்ளி கேன்டீனில் வேலை செய்கிறவர் என்று ஜாமீன் தாளில் பார்த்த ஞாபகம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த அண்ணே முடிவுல உங்ககிட்ட என்னமோ மெதுவாச் சொன்னாரு. என்ன சார் சொன்னாரு?"

"அம்மா, நீங்க என்கிட்ட பேசக்கூடாது. உங்க வக்கீல்கிட்ட பேசுங்க."

"வக்கீல் சீனர் சார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவரு பாக்கவும் இல்ல." என் முகத்தைப் பார்த்தார். "சரி சார். மன்னிச்சுக்குங்க." உறையைக் கைமாற்றிக்கொண்டு படியேறிப் போனார்.

அப்போது 1.40. ஐம்பது நிமிடம் இருந்தது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்களை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அதே வரிசையில்தான் வரும். மைக்கில் விழவில்லை. சாட்சியே சொல்லாதே என்றார். குறுக்கு விசாரணையில் தானாக வெளியே வரும். நான் சொன்னால் முதலில் கேட்கப்படும் கேள்வி, ஏன் உடனே சொல்லவில்லை என்பது. ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடம்தான். கடைசியாக, இதுதான் நல்ல மனசு போல வேடம் போட்டு வந்தது: சொன்னால் அந்த மனிதரின் வேலை போகும். அவர் பெர்மிட் அந்தக் கிடங்கின் கையில் இருந்தது.

அந்தக் கடைசி நியாயத்தை என்னால் இன்றும் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் சாகுலின் வேலை, மறுபக்கம் தினேஷின் சிறை என்று நான் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். தராசு பிடிக்கும் வேலை மேலே மேடையில் இருப்பவருடையது. எடை போடத் தேவையான ஒரு கல்லை அவருக்குத் தெரியாமல் என் பைக்குள் வைத்துக்கொண்டு நான் எடை போட்டேன்.

2.30. மாஜிஸ்திரேட் உட்கார்ந்ததும் அனுமதி கேட்டேன்.

"புவான் மாஜிஸ்திரேட், இடைவேளைக்கு முன் சாட்சி கூண்டில் சொன்ன மூன்று வாக்கியங்களை நான் நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை. தவறு என்னுடையது."

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். பதிவில் இல்லாததை மொழிபெயர்ப்பாளர் சாட்சியமாகச் சேர்க்க முடியாது என்றார். தினேஷின் வழக்கறிஞரும் எழுந்தார், என்ன வாக்கியம் என்றே தெரியாமல். மாஜிஸ்திரேட் இருவரையும் உட்காரச் சொன்னார். என்னிடம் கேட்டார், "ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"அவர் என்னை நம்பிச் சொன்னார். நான் அதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு இருதரப்பையும் கேட்டார், இதே மொழிபெயர்ப்பாளர் தொடர ஆட்சேபமுண்டா என்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இல்லை என்றார்கள். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு நேராகக் கூண்டைப் பார்த்தார்.

"இடைவேளைக்கு முன் மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக என்ன சொன்னீர்கள்?"

தமிழில் சொன்னேன். சாகுல் மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தர்ஜமா அண்ணே, சொல்லிட்டீங்களா?"

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் கடைசி பெஞ்சில் ஒருவர், குற்றவாளிக் கூண்டில் ஒருவர், சுவரோரம் நின்ற மேற்பார்வையாளர் ஒருவர். மற்ற எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிம்மின் கிழவர் ஞாபகம் வந்தார். மலாயில் சொன்னேன்: "மொழிபெயர்ப்பாளர் அண்ணனே, சொல்லிவிட்டீர்களா?"

"நம்பித்தானே சொன்னேன்."

"நம்பித்தானே சொன்னேன்," என்று நீதிமன்றத்துக்குச் சொன்னேன். என் குரல் அவர் குரலைவிட ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் சரியாகச் செய்த மொழிபெயர்ப்பு ஒன்று உண்டென்றால் அதுதான்.

சாகுல் சட்டைக் கையிலிருந்து குண்டூசியை உருவினார். கூண்டின் மரவிளிம்பில் வைத்தார். மைக்குக்கு நேராகத் திரும்பினார்.

"நான் பாக்கல. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன். வந்தப்ப வண்டியிலருந்து எறங்குனது சூப்பர்வைசர். தினேஷு அந்தப் பக்கம் பெட்டி எண்ணிக்கிட்டு நின்னான். பாத்ததாச் சொல்லச் சொன்னாங்க. சட்டையும் அவங்கதான் வாங்கிக் குடுத்தாங்க."

நான் சொன்னேன். 'நான் பார்க்கவில்லை' என்று தொடங்கி, சட்டை வரைக்கும், ஒரு சொல் விடாமல். பின்னால் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பியபோது சுவரோரத்தில் மேற்பார்வையாளர் இல்லை. தினேஷின் அம்மா பிளாஸ்டிக் உறையை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்லை விடாமல் தேட ஆரம்பித்தேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. பார்க்கிற வெளியூர்க்காரர்களிடமெல்லாம் ஒரே கேள்வி: நடுவில் நின்று பாஷை மாற்றிச் சொல்கிறவனை உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? துணிக்கடைப் பஞ்சாபி, தர்ஜமா என்றார். எல்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த எத்தியோப்பிய மாணவி அஸ்தெர்குவாமி என்றாள். எழுதிப் பார்த்தால் நடுவில் அதே எலும்பு. ஆர்மீனியர்களுக்கு தர்க்மானிச் என்று படித்தேன். பழைய யூதக் கோயில்களில் எபிரேய வேதத்தை ஒருவர் படிக்க, பக்கத்தில் ஒருவர் நின்று அரமேயத்தில் சொல்வார், அவருக்கும் இதே பெயர். அவர் குரல் படிப்பவரின் குரலுக்கு மேலே ஏறக்கூடாது என்று விதி இருந்ததாம். நம் பயிற்சிக் குறிப்பில் ஏறக்குறைய இதே வாசகம் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அக்காடியத்துக்கு முன்னால் அந்தச் சொல் எங்கே இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வேறு ஏதோ பாஷையிலிருந்து கடன் வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து கொடுக்கவும் நடுவில் ஒருவர் நின்றிருக்க வேண்டும்.

அந்தக் களிமண் கடிதங்களில் நடுவில் நின்றவர்களிடமும் யாராவது குனிந்து, 'இதைச் சொல்லாதே' என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கூண்டில் யாராவது உங்கள் பக்கம் சாய்ந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன் கையை உயர்த்துங்கள். 'நீங்க சொல்றதெல்லாம் நான் சொல்லிடுவேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள், காலையிலேயே, நடைபாதையிலேயே. அதை நான் 9.40க்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் குண்டூசியைக் காட்டினேன்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினேன், கோப்பில் இருக்கிறது. தினேஷ் அந்த வருடமே விடுதலையானான். தீர்ப்பன்று அவன் அம்மா சாகுலுக்குக் கொடுக்க ஒரு டிபன் கேரியரோடு கிடங்குக்குப் போயிருக்கிறார். வாசலில் இருந்த காவலாளி, அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். சாகுலின் பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. அவர் சாட்சி சொன்ன பதினெட்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை விமானத்தில், ஊருக்கு அனுப்பப்பட்டார்.